கரையில் காக்கப்படும் முட்டை, கடலில் மாளும் ஆமை

சென்னைக் கடற்கரையில் 2025 ஜனவரியில் பங்குனி ஆமைகளின் சடலங்கள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆயிரத்துக்கும் அதிகமானவை இறந்திருக்கலாம் என இயற்கை ஆர்வலர்கள் மதிப்பிட்டனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. விசைப்படகுகளின் இழுவை வலைகள் மீதே சந்தேகம் விழுந்தது.

ஆலிவ் ரிட்லி எனப்படும் இந்த ஆமைகள் சென்னைக்குப் புதியவை அல்ல. அவற்றின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கும் பணி 1970களின் தொடக்கத்தில், ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றோரின் முயற்சியால் இங்கு ஆரம்பமானது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் இரவு நேரங்களில் கரையோரம் நடந்து அப்பணியைத் தொடர்கின்றனர்.

ஆனால் முட்டைகளைக் காப்பது மட்டும் போதுமா என்ற கேள்வி நெடுங்காலமாக உள்ளது. பெருந்தலை ஆமைகளைப் பற்றி டெபோரா க்ரவுஸ், லாரி க்ரவுடர், ஹால் காஸ்வெல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வு, முட்டைகள் முழுமையாகக் காக்கப்பட்டாலும், வளர்ந்த ஆமைகள் தொடர்ந்து மடியுமானால் இனம் மீளாது எனக் காட்டியது. காரணம் எளிது. ஒரு குஞ்சு முட்டையிடும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். மிகச் சிலவே அதுவரை பிழைக்கின்றன. வலையில் மடியும் ஒரு தாய் ஆமையின் இழப்பைப் பொரிப்பகக் குஞ்சுகளால் எளிதில் ஈடுசெய்ய இயலாது.

நுரையீரலால் சுவாசிக்கும் ஆமை, மணிக்கணக்கில் இழுக்கப்படும் வலைக்குள் சிக்கினால் மூச்சுத்திணறி இறக்கிறது. அது வெளியேற வழிவிடும் கம்பித் தடுப்புள்ள சாதனம் பல ஆண்டுகளாகவே உண்டு. மீனும் அவ்வழியே நழுவிவிடும் என்பது படகு உரிமையாளர்களின் அச்சம்.

இச்சாதனம் சர்வதேச வணிகப் பிணக்காகவும் உருவெடுத்தது. அதைப் பயன்படுத்தாத நாடுகளின் இறாலுக்கு அமெரிக்கா விதித்த தடையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகியவை உலக வர்த்தக அமைப்பை நாடின. ஆமைகளைக் காக்கும் நோக்கம் செல்லும், ஆனால் தடை செயல்படுத்தப்பட்ட விதம் பாரபட்சமானது என அதன் மேன்முறையீட்டு அமைப்பு 1998இல் தீர்ப்பளித்தது.

தமிழகத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை வீசத் தடை உள்ளது. ஃபைபர் படகு மீனவர்களின் வாழ்வாதாரத்தையும் இந்த எல்லையே காக்கிறது. அவர்களது வலைகளை அறுப்பதும், ஆமைகளைச் சிக்கவைப்பதும் எல்லை மீறும் அதே இழுவை வலைகள்தான். எனவே ஆமைப் பாதுகாப்பை மீனவர்களுக்கு எதிரானதாகக் காண்பது பொருத்தமாகாது.

சட்டமும் இருக்கிறது, சாதனமும் இருக்கிறது. கடலில் கண்காணிப்பும், சாதனத்தின் செலவையும் மீன் இழப்பையும் யார் ஏற்பது என்பதற்கான விடையும்தான் இனித் தேவை. அதுவரை, ஒரு பருவம் முழுதும் தன்னார்வலர்கள் கரையில் காத்ததைச் சில இரவுகளில் கடலில் இழக்கும் நிலையே நீடிக்கும்.