நாற்றங்காலிலேயே வைத்திருக்கலாமா?

ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே படுகை அணை இருக்கிறது. ராஜவாய்க்கால் அங்கேதான் பிரிகிறது. பரமத்தி வேலூர் வட்டாரத்து நெல்லுக்கும் கரும்புக்கும் வாழைக்கும் வெற்றிலைக்கும் அந்தத் தண்ணீர்தான் உயிர். "நாற்று பச்சைப்பசேல் என்று இருக்கிறதே, நாற்றங்காலிலேயே விட்டுவிடலாமா?" என்று அங்குள்ள குடியானவர் ஒருவரைக் கேட்டால் சிரிப்பார். நாற்று விடுவதே நடுவதற்காகத்தான்!

கம்ப்யூட்டரிலும் ஒரு நாற்றங்கால் உண்டு. அதன் பெயர் மெய்நிகர் கணினி. ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே அமைக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர் அது. புதிய இயங்குதளத்தை அதில் ஏற்றிப் பார்க்கலாம். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். காசு நஷ்டம் இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே இந்த வித்தையைச் செய்து காட்டியது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் எத்தனையோ கிராமத்து வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவதா?

வேண்டாம்! காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளங்கள் இருக்கின்றன. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' அவற்றில் ஒன்று. நம் ஊரில் உருவான சரக்கு!

எங்கே தவறுகிறது?

பள்ளியில் முப்பது பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எல்லாவற்றையும் ஏற்றுவது பெரும் வேலை. மெய்நிகர் கணினியில் ஒரே தடவை எல்லாவற்றையும் சீராக அமைத்து, அதை அப்படியே மற்றவற்றுக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுத்தால் ஏமாற்றம்தான். மெய்நிகர் கணினியின் வட்டு வேறு, இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் வட்டு வேறு. வட்டின் பெயரே மாறிவிடும். பழகிய பெயரில் வட்டைத் தேடி, காணாமல், இயங்குதளம் பாதியில் நின்றுவிடும். வட்டை இயக்கும் டிரைவர் இல்லாவிட்டாலும் அதே கதிதான்.

ஆகவே முன்கூட்டியே ஐந்து காரியங்கள் செய்ய வேண்டும். பழைய வட்டில் உள்ள படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். மாற்றும்போது அவை அழிந்துவிடும். மடிக்கணினியில் உள்ள அளவு நினைவகத்தையே மெய்நிகர் கணினிக்கும் கொடுக்க வேண்டும். அங்கே தாராளமாகக் கொடுத்துவிட்டால் இங்கே வந்ததும் ஆமையாக நகரும். வட்டைப் பெயரால் அல்லாமல், மாறாத அடையாள எண்ணால் குறிக்க வேண்டும். தொடங்கும் முறை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தேவையான டிரைவர்களும் முன்பே சேர்ந்திருக்க வேண்டும்.

பிறகு முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். வைபை வருகிறதா? ஒலி கேட்கிறதா? தமிழில் எழுத முடிகிறதா? எல்லாம் சரி என்றால் மற்றவற்றைத் தொடலாம்.

யார் செய்வது?

ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இவ்வளவு சுற்று வேண்டாம், நேராகவே ஏற்றிக்கொள்ளலாம். பள்ளிகளும் கல்லூரிகளும்தான் இதில் இறங்க வேண்டும். அதுவும் ஆசிரியர் செய்ய, மாணவர் வேடிக்கை பார்ப்பது கூடாது. மாணவர் கையாலேயே நடக்க வேண்டும். மெய்நிகர் கணினியில் மட்டும் பழகிய பிள்ளைக்கு, உண்மைப் பெட்டி மக்கர் செய்யும்போது என்ன செய்வது என்று தெரியாது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று தேடிப் பிடிப்பதுதான் படிப்பு. அந்தப் படிப்புக்குக் கருவி, மூலையில் தூசி படிந்து கிடக்கும் மடிக்கணினியே. அதை எடுத்துத் துடைத்து மாணவர் கையில் கொடுங்கள்!