பொன்னாடை போதுமா?

வருட இறுதியானால் எங்கள் ஊரில் விழாக்களுக்குக் குறைவில்லை. முன்பள்ளிச் சிறார்களின் விடுகை விழா, கலை விழா, பரிசளிப்பு விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேடையில் அமர்ந்திருக்கும் அதிதிகளுள் ஒருவர் எழுந்து, முன்பள்ளி ஆசிரியைகளையும் சுகாதாரத் தொண்டர்களையும் வாயாரப் புகழ்வார். ‘தியாகம்’, ‘அர்ப்பணிப்பு’, ‘அல்லாஹ்விடத்தில் கூலி’ என்ற சொற்கள் அந்தப் பேச்சில் தவறாமல் இடம்பெறும். பின்னர் பொன்னாடை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள். அந்த ஆசிரியைக்குக் கடந்த மாதம் கையில் என்ன கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் அந்தக் கேள்வியைத்தான் கேட்க விரும்புகிறேன். நமது ஊர்களில் வறுமையிலும் தனிமையிலும் வாடும் பிள்ளைகளை முதலில் காண்பவர்கள் இந்தப் பெண்கள்தான். அவர்களுக்குப் புகழைக் கொடுத்திருக்கிறோம். ஆனால் வாழ்வதற்கு ஒரு கொடுப்பனவையும், முடிவெடுக்கும் இடத்தில் ஓர் ஆசனத்தையும் கொடுக்கவில்லை. இதனால் நட்டப்படுவது அவர்கள் மட்டுமல்ல. அந்தப் பிள்ளைகளும்தான்.

இலங்கையின் தாய்சேய் நலச் சேவை உலகம் பாராட்டும் ஒன்று. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட முதலாவது சுகாதார அலகிலிருந்து வளர்ந்த சேவை அது. நாம் ‘மிட்வைப் மிஸ்’ என்று அழைக்கும் குடும்ப நல உத்தியோகத்தர் இன்றும் வீடு வீடாக வருகிறார். கர்ப்பிணித் தாயைப் பதிவு செய்கிறார், பிறந்த குழந்தையைப் பார்க்கிறார், மாதந்தோறும் நிறை பார்க்கிறார். பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம் என்று நம் ஒவ்வொருவரின் வீட்டு அலுமாரியிலும் இருக்கும் அந்தச் சுகாதாரப் பதிவேடு அவர் கையால் நிரப்பப்பட்டதே.

ஆனால் ஒரு மிட்வைப் மிஸ்ஸின் பொறுப்பில் ஆயிரக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். நிறை பார்க்கும் நாளில் பிள்ளைகளை வரிசைப்படுத்துவதும், கிளினிக்குக்கு வராத தாயின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்பதும், தாய்ப்பால் கொடுக்கத் தடுமாறும் புதிய தாய்க்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுப்பதும் பெரும்பாலும் அயலில் உள்ள தொண்டர்கள்தான். தாய்மார் ஆதரவுக் குழுக்களில் இருக்கும் நமது மாமிமார், ராத்தாமார் இவர்கள்.

அடுத்த இடைவெளி முன்பள்ளிப் பருவம். 1945இல் நமக்குக் கிடைத்த இலவசக் கல்வி தரம் 1இல்தான் தொடங்குகிறது. கட்டாயக் கல்விச் சட்டமும் ஐந்து வயதுக்குப் பிறகுதான் பிள்ளையைத் தேடி வரும். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையான காலத்தைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும், சங்கங்களும், உள்ளூராட்சி சபைகளும், தனியாரும் நடத்தும் முன்பள்ளிகளிடம் நாடு விட்டுவிட்டது. மூளை மிக வேகமாக வளரும் பருவம் இது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தப் பருவத்துக்குப் பொறுப்பான ஆசிரியையின் வருமானமோ பெற்றோர் கொடுக்கும் மாதாந்தக் கட்டணத்தில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. அரசாங்கக் கொடுப்பனவு கிடைக்கும் இடங்களிலும் அது ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சாமான் செலவுக்கே போதாது. வறிய பகுதியில் கற்பிப்பவருக்கு வருமானம் இன்னும் குறைவு. அதாவது, எந்தப் பிள்ளைக்கு ஆசிரியை அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளையின் ஆசிரியைக்கே நாம் மிகக் குறைவாகக் கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கும் ஒரு ராத்தா பல வருடங்களாக முன்பள்ளியில் கற்பிக்கிறார். அவருடைய வகுப்பில் ஒரு சிறுமி காலை ஒன்பது மணிக்கே மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுவாள். சோம்பல் என்று எவரும் நினைத்திருக்கலாம். ராத்தா வகுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனார். உம்மா பணிப்பெண்ணாக வெளிநாடு போய்விட்டார். வாப்பா கடலுக்குப் போனால் நாட்கணக்கில் வரமாட்டார். பிள்ளைகள் மூவரும் மூத்தம்மாவுடன். காலைச் சாப்பாடு வெறும் பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும். சுகாதாரப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, மூன்று மாதமாக நிறைக்கோடு மேலே போகவில்லை.

ராத்தா அவளை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிட்வைப் மிஸ் திரிபோஷா கொடுத்தார். ஆனாலும் நிறை ஏறவில்லை. மீண்டும் வீட்டுக்குப் போய் விசாரித்த பின்தான் காரணம் விளங்கியது. மூத்தம்மா அந்த மாவை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பசித்த பிள்ளைகள் மூவரிருக்க, ஒருத்திக்கு மட்டும் எந்த மூத்தம்மாதான் உருண்டை பிடித்துக் கொடுப்பார்? ராத்தா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சிறுமியின் பங்கைத் தன்னிடம் வாங்கி வைத்து, முன்பள்ளியில் தன் கண்முன்னே உண்ணக் கொடுத்தார். மற்ற இரு பிள்ளைகளுக்காகப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேசி உலருணவுக்கு ஏற்பாடு செய்தார்.

இந்த வேலைக்குப் பெயர் என்ன? கற்பித்தலா, சுகாதாரமா, சமூக சேவையா? எந்தத் திணைக்களத்தின் படிவத்திலும் இதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பசிக்கும் பதிவேட்டில் நின்றுபோன கோட்டுக்கும் இடையிலுள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அந்த வீட்டிலிருந்து அவருக்குப் பல மாதங்களாக முன்பள்ளிக் கட்டணம் வரவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நெருக்கடிகள் வந்தபோதெல்லாம் நம் சமூகம் இத்தகையவர்களின் தோளில்தான் சாய்ந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் தங்கியபோது, தாங்களே அகதிகளான ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. அன்று முகாம்களில் உம்மாவைத் தேடி அழுத பிள்ளைகளை மடியில் வைத்திருந்தவர்களுள் எத்தனையோ பேர் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள். 2022இல் பால்மா விலை எட்டாத உயரத்துக்குப் போய், திரிபோஷாவும் கிடைக்காமற் போனபோது, பல இடங்களில் இலைக்கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களும் இவர்களே. நெருக்கடி முடிந்ததும் அறிக்கைகள் எழுதப்பட்டன. இவர்களை மறந்துவிட்டோம்.

இதைப் பேசும்போது இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, “காசு கொடுத்தால் இக்லாஸ் போய்விடும்” என்பது. அப்படியானால் நம் பள்ளிவாசல் இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஏன் சம்பளம் கொடுக்கிறோம்? சம்பளம் வாங்குவதால் அவர்களது தொழுகையின் தூய்மையை யாராவது சந்தேகிக்கிறோமா? ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தாருள் அதைத் திரட்டிப் பங்கிடும் ஊழியர்களையும் அல்குர்ஆன் சேர்த்திருக்கிறது. பத்ர் போரில் சிறைப்பட்டவர்களுள் பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களுக்கு, மதீனாவின் சிறார்களுக்கு எழுதக் கற்பிப்பதே மீட்புத் தொகையாக ஏற்கப்பட்டது என்று வரலாற்றில் படிக்கிறோம். கற்பித்தலுக்குப் பெறுமதி உண்டு என்பதை நமது மார்க்கம் அன்றே நடைமுறையில் காட்டியிருக்கிறது. கூலி கொடுப்பது கொடுப்பவரின் கடமை. நிய்யத் என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ள விடயம். இரண்டையும் நாம் குழப்பத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரில் சம்பளமில்லாத வேலை எது என்று ஒரு பட்டியல் போட்டால், அதில் பெரும்பகுதி பெண்கள் செய்யும் வேலையாகவே இருக்கும். “சும்மா வீட்டில் இருக்கிறதுக்கு இதைச் செய்யட்டுமே” என்று அவர்களுக்குச் சொல்வது போல ஆண்களுக்கு நாம் சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு, “நாட்டில் பணமில்லை” என்பது. அரசாங்கம் செய்ய வேண்டியதை அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்களும் சுகாதாரத் தொண்டர்களும் நிரந்தர நியமனம் கேட்டு வெயிலில் அமர்ந்திருந்த படங்களை நாம் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம். அவர்களது கோரிக்கை நியாயமானது. ஆனால் ஊரால் செய்யக்கூடியவையும் உண்டு.

முதலில், கட்டணம் செலுத்த முடியாத பிள்ளைகளுக்கான பணத்தை பைத்துல்மால் அல்லது ஊர் நலன்புரிச் சங்கம் மாதந்தோறும் நேரடியாக முன்பள்ளிக்குக் கொடுக்கலாம். எந்த நிதியிலிருந்து கொடுப்பது என்பதை உலமாக்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். பிள்ளையின் பெயர் வெளியே வரத் தேவையில்லை. வறியவரின் கையில் பொதியைக் கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தும் வாய் திறக்காமல் உதவும் இந்தப் பெண்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அடுத்தது, மாதம் ஒரு முறை மிட்வைப் மிஸ், முன்பள்ளி ஆசிரியை, தரம் 1 வகுப்பாசிரியை, பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் ஆகியோர் ஒரு மணி நேரம் ஒன்றாக அமர வேண்டும். நிறை குறைந்த பிள்ளையை ஒருவருக்குத் தெரியும். வரவு குறைந்த பிள்ளையை இன்னொருவருக்குத் தெரியும். பல வேளைகளில் இரண்டும் ஒரே பிள்ளையாகவே இருக்கும். நால்வரும் பேசாதவரை அது யாருக்கும் தெரியாது.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. தொண்டருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும். பிள்ளையின் உடலில் காயத்தைக் கண்டால், அல்லது சொல்லக் கூசும் ஒன்றை ஒரு பிள்ளை சொன்னால், அவர் என்ன செய்வார்? “ஊருக்குள் பேசித் தீர்ப்போம், குடும்ப மானம் போய்விடும்” என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். அதே தெருவில் வாழும் ஒரு பெண்ணால் அந்த அழுத்தத்தைத் தனியாகத் தாங்க முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் ஒவ்வொரு முன்பள்ளிச் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை அழைத்த ஆசிரியைக்குப் பின்னால் அதிபரும், பள்ளிவாசல் நிர்வாகமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் நிற்க வேண்டும். மானம் காக்கப்பட வேண்டியது முதலில் அந்தப் பிள்ளைக்கு.

அன்பின் தோழியரே, இது வேறு யாரோ பற்றிய கதையல்ல. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் நம்மில் பலர் முன்பள்ளிகளுக்குக் கற்பிக்கப் போவோம். சிலர் அங்கேயே தங்கிவிடுவோம். போகும்போது ‘எத்தனை பிள்ளைகள்? யார் பொறுப்பு? கொடுப்பனவு என்ன? ஒரு பிள்ளைக்கு ஆபத்தென்றால் நான் யாரிடம் போவது?’ என்று கேட்டுவிட்டுப் போவோம். கேட்பதால் நம் சேவை சிறுத்துவிடாது. வரும் ரமழானுக்கு முன் ஸகாத் குழு வறிய வீடுகளின் பட்டியலைத் தயாரிக்கும்போது, அந்தக் கூட்டத்துக்கு முன்பள்ளி ஆசிரியையையும் அழையுங்கள் என்று நமது வாப்பாமாரிடமும் காக்காமாரிடமும் இன்றே சொல்லி வைப்போம். எந்த வீட்டுப் பிள்ளை பசியோடு வகுப்புக்கு வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.