வீடே கோவிலாக இருந்த காலம்

விடுமுறை நாள்கள் வந்துவிட்டால் நமது பங்குகளிலிருந்து பஸ் வண்டிகள் புறப்படத் தொடங்கிவிடும். அதிகாலையில் செபமாலையுடன் ஆரம்பமாகும் பயணம், ஐந்தாறு ஆலயங்களின் வாசலில் நின்று நின்று, இரவில் களைப்புடன் முடிவடைகின்றது. கண்டவை எவை என மறுநாள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மதிய உணவையும் கடற்கரையையுமே சொல்வர். குற்றம் அவர்களுடையதன்று.

அன்பார்ந்த வாசகர்களே, இம்முறை வலிகாமத்தில் இரண்டு ஊர்களை மட்டும் தெரிவு செய்யுங்கள். முதலாவது சங்கானை. போர்த்துக்கேயர் காலத்து ஆலயம் அங்கே கூரையிழந்து, முருகைக்கற் சுவர்களுடன் நிற்கின்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தமது வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை எனவும் அவ்வாண்டிலேயே கட்டளை பிறப்பித்தனர். அச்சுவர்களின் நிழலில் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.

அதன் பின் சில்லாலைக்குச் செல்லுங்கள். 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளாரை மறைத்துக் காத்த ஊர் அது. ஆலயங்கள் பறிபோயிருந்தமையால் இரவு வேளைகளில் வீடுகளிலேயே திருப்பலி நிறைவேறியது. 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். கதவைத் திறந்துவிட்ட குடும்பத் தலைவிகளின் பெயர்களை யார் அறிவார்? அகப்பட்டிருந்தால் அவர்கள் இழக்கவிருந்தது காணியையும் வீட்டையும் மட்டுமன்று.

ஆகவே ஆலயத்துடன் திரும்பிவிடாதீர்கள். அயற்கிராமங்களில் சங்கடப்படலையும் திண்ணையும் நடுமுற்றமும் கொண்ட பழைய நாற்சார் வீடுகள் இன்னமும் சில எஞ்சியுள்ளன. அவை அக்காலத்தவையல்ல, ஆயினும் ஒரு வீட்டின் நடுவே அயலவர் கூடிச் செபிப்பது எங்ஙனம் என்பதை அம்முற்றங்களில் நின்றால் பிள்ளைகள் கண்டுகொள்வர். உரிமையாளர் பலர் வெளிநாடுகளில் வாழ, ஓடுகள் சரிந்து, வளவுகள் பற்றையாகி வருகின்றன. சில இடிக்கப்பட்டு மாடி வீடுகளாகிவிட்டன. வசதியாக வாழ விரும்புவோரைக் குறைகூற நாம் யார்! எனினும் இடிக்குமுன் ஒரு புகைப்படமேனும் எடுத்து வைக்கலாமல்லவா?

பஸ்ஸில் முன் ஆசனங்களை முதியோருக்கு ஒதுக்குங்கள். வழி நெடுகச் சொல்வதற்கு அவர்களிடம் நிறைய உண்டு. வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் முன்னதாகவே அனுமதி கேட்டுவிடுங்கள். அவர்கள் இசைந்தால், அன்றைய மாலைச் செபமாலையை அந்த முற்றத்திலேயே சொல்லுங்கள்.