கேஸ் ஏற்றினால் மட்டும் போதுமா?



"ஏ.சி. கூல் ஆகலையா? கேஸ் ஏத்தணும் சார்." இந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு நம் தொழிலில் எத்தனையோ பேர் காலம் தள்ளுகிறார்கள். டிப்ளமா வாங்கிய பிறகு நாமும் அந்த வரிசையில் போய் நிற்கத்தான் போகிறோமா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு பழைய படகு.

கடந்த விடுமுறையில் 15 நாள் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகக் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை. கடலைப் பார்த்தே வளர்ந்தவன்தான்; ஆனாலும் கேபின் குரூஸர் என்கிற உல்லாசப் படகை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளே படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் உண்டு. படுக்கைப் பலகையைத் தூக்கினால் கீழே ஏ.சி. இருந்தது. இருபது வயது தாண்டிய பெட்டி. நாலு வருஷமாக ஒவ்வொரு கோடைக்கும் அதற்குக் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள்!

கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்து போக? மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற பொருள் அது. குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இது முதல் யூனிட்டிலேயே நாம் படித்தது. நாலு வருஷம் ஒருத்தரும் அந்த ஓட்டையைத் தேடவில்லை. பெட்டியை வெளியே எடுத்ததும் கண்ணாலேயே தெரிந்தது. தண்ணீர் வடிகிற தட்டின் வாய் அடைத்து, தேங்கிய தண்ணீரில் ஊறி ஊறிக் கம்ப்ரஸரின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "கடக்காத்து படுற எடத்துல இரும்ப வச்சா சும்மா இருக்குமால? உப்பு ராத்திரியும் திங்கும்" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லவில்லை.

சரி, புதுசு போட்டுவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. வீட்டு ஏ.சி. சூட்டை வெளிக்காற்றில் தள்ளும், படகு ஏ.சி. கடல்நீரில் தள்ளும். படகின் அடியில் உள்ள வால்வு வழியாகத் தண்ணீர் ஏறி, வடிகட்டி, பம்பு, கண்டென்ஸர் என்று போய் மறுபடியும் கடலில் விழ வேண்டும். அந்தப் பம்பு காற்றை உறிஞ்சித் தண்ணீரை மேலே இழுக்காது. அதனால் நீர்மட்டத்துக்குக் கீழேதான் அதை வைக்க வேண்டும். அங்கிருந்து ஹோஸ் ஏறுமுகமாகவே போக வேண்டும். இந்தப் படகில் ஹோஸ் ஒட்டகத் திமில் மாதிரி ஏறி இறங்கியது. மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் நிற்கும், கண்டென்ஸர் கொதிக்கும். பழைய ஹோஸை அப்படியே விட்டிருந்தால் புதுப்பெட்டியும் பழைய நோயோடுதான் ஓடியிருக்கும். சேட்டன் (மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) முழு ஹோஸையும் மாற்றினார். உடைமைக்காரர், "பெரிசாவே போட்டுடு" என்றார். சேட்டன் மறுத்துவிட்டார். அளவுக்கு மீறிய ஏ.சி. சட்டென்று குளிர்வித்துச் சட்டென்று நின்றுவிடும். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. கேபின் சில்லென்று இருக்கும், மெத்தை நசநசக்கும். அளந்து போடுகிறவன்தான் டெக்னீஷியன்.

இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்லப் போவது வெட்கம்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட வேண்டும். "செம்புக் குழாயை வெட்டு" என்றார்கள். கட்டரைப் பிடித்தது என் கைதான். 'உஸ்ஸ்' என்று மீதிக் கேஸ் வெளியே போனது. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அது ஆர்-22. ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,800 கிலோ கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிற அளவுக்கு அதுவும் சூடாக்கும். ஓசோன் அரிப்பைத் தடுக்கத்தான் 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கா 2020 தொடக்கத்திலிருந்து ஆர்-22 தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்திவிட்டது. நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2030 கெடு. ஆனால் பழைய பெட்டிகளின் வயிற்றில் அது இன்னும் இருக்கிறது. அவற்றைக் கழற்றப் போவது யார்? மந்திரியா, விஞ்ஞானியா? நீயும் நானும்தான்!

"மாற்றுக் கேஸ் வந்துடுச்சே, அதைப் பழைய பெட்டியில ஏத்திட வேண்டியதுதானே?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆர்-410ஏ-யின் அழுத்தம் ஆர்-22-ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எண்ணெயும் வேறு. பழைய பெட்டி அதைத் தாங்காது. குறுக்கு வழி கிடையாது. பழையதை முறையாக இறக்கு, புதியதை முறையாக ஏற்று.

முறையாக என்றால், குழாயை வெட்டுவதற்கு முன் கேஸை மீட்பு மெஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கிய நம்மில் எத்தனை பேர் அந்த மெஷினைத் தொட்டிருக்கிறோம்? நம் லேபில் அது இல்லை. கண்ணால் பார்க்காத மெஷினைப் பட்டறை முதலாளியிடம் எந்த வாயால் கேட்பது? அன்றைக்கு நான் ஊமையாக நின்றதற்குப் பயம் பாதிக் காரணம் என்றால், இது மீதிப் பாதி.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆண்டு விழாவுக்கு இன்னொரு சீரியல் செட் வேண்டாம். ஒரு மீட்பு மெஷினும் ஒரு சிலிண்டரும் கேட்டு முதல்வர் அவர்களிடம் மனு கொடுப்போம். குழாயை வெட்டிய இந்தக் கைதான் அதில் முதல் கையெழுத்துப் போடும்.