குரலுக்கு ஒப்பனை வேண்டாம்

பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேடம் யாருக்கு என்பது ஒத்திகைக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். நம்மில் பலர் ஈட்டி பிடித்த காவலாளியாக, ஒரு வசனமும் இல்லாமல் மேடை ஓரத்தில் நின்றவர்கள். நிறமும், உடுப்பும், வெளியே சொல்லாத சாதியும் சேர்ந்து வேடத்தை முடிவு செய்தன.

வகுப்பறையில் பிள்ளைகளே எழுதி நடிக்கும் வானொலி நாடகத்தில் இந்தக் கணக்கு எடுபடாது. மேடை வேண்டாம், வாடகை உடுப்பு வேண்டாம். முறத்தில் அரிசியைச் சரித்தால் மழை. இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டினால் குதிரை. சருகை மிதித்தால் காபித் தோட்டத்தில் யாரோ நடந்து வருகிறார். ஆசிரியரின் செல்போனில் பதிவு செய்துவிடலாம்.

கதைக்கும் பஞ்சமில்லை. ஏற்காடு மலையில் கரடியூர் போன்ற ஊர்களில் தோட்டக் கூலிகளான தலித், பழங்குடிப் பெற்றோரின் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். காபிப் பழம் பறிக்கும் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கு வராமல் நின்ற அக்கா, சாதிச் சான்றிதழுக்கு அலையும் அப்பா, தவறவிட்ட கடைசிப் பேருந்து என்று எத்தனையோ சொல்வார்கள்.

ஆனால் குரலிலும் சாதி தேடுபவர்கள் உண்டு. "இழுத்துப் பேசாதே, ஒழுங்காகப் பேசு" என்று அதட்டினால் பிள்ளை மறுபடி காவலாளி ஆகிவிடும். தமிழ் முதுகலை படித்த நமக்குச் செந்தமிழ்மீது பகையில்லை. ஆனால் மேஸ்திரியிடம் கூலி கேட்டு நிற்கும் அம்மா செந்தமிழில் பேசமாட்டாள்.

இன்றைய தெலங்கானாவில், ஜகீராபாத் அருகே மாச்சனூரில், 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் வானொலி தொடங்கியது. நடத்துபவர்கள் தலித் பெண்கள். விதை, தானியம், பாட்டு என எல்லாவற்றையும் தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசினார்கள். தொடங்கி வைத்தவர் நீதிபதி பி.பி.சாவந்த். வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எழுதியவர்களில் அவரும் ஒருவர். பொதுச் சொத்தில் நம் பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

நாம் கேட்பது பெரிதல்ல. வாரம் ஒரு தமிழ்ப் பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். எழுதுவதும் நடிப்பதும் பிள்ளைகளாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் வசனம் இருக்கட்டும். பதிவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒலிக்கவிடுங்கள். தோட்டத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்காரும் அம்மா, தன் பிள்ளையின் குரலை ஊரே கேட்பதைக் கேட்கட்டும்.