யார் போட்ட பாதையில் நடக்கிறோம்?

ரெயூனியன் தீவில் மலையேற்றம் இன்று பெரிய சுற்றுலாத் தொழில். எரிமலை, அருவி, செங்குத்தான பாறைச் சுவர்கள். அந்த மலைகளை 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வழிகாட்டி முன்னால் போக, ஒரு குழு பின்னால் நடக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் வாழும் புதுச்சேரிக்கு அது தெரியாத ஊர் அல்ல. ஆனால் நமக்கும் அந்தத் தீவுக்குமான உறவு பாஸ்போர்ட்டில் தொடங்கவில்லை.

1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் கணிசமானோர் பறையர் உள்ளிட்ட, தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட சாதியினர். பஞ்சம் மட்டும் அவர்களைத் துரத்தவில்லை. நிலமில்லாமையும் பண்ணையடிமை வாழ்வும் சேர்ந்தே துரத்தின.

அங்கே மலையேறுகிறவர்கள் விரும்பி நடக்கும் வழிகளில் ஒன்று ‘ஆங்கிலேயர் பாதை’. அடிமைமுறை இருந்த 18ஆம் நூற்றாண்டில் கருங்கல் பாவிப் போட்ட பாதை அது. 1810இல் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படையால் அந்தப் பெயர். போட்டவர்களின் பெயர் அதற்கு இல்லை. அந்தப் பாதை கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கேதான் கப்பலில் வந்த கூலிகளை நோய்த்தொற்றுக்கு அஞ்சி அடைத்து வைத்த லாசரே கட்டடங்கள் இருக்கின்றன. இப்போது அவை நினைவிடம். கடலைப் படமெடுத்துவிட்டு அடுத்த மேட்டில் ஏறிவிடலாம். நின்று பார்த்தால், அது நம் சேரிகளிலிருந்து போனவர்கள் முதலில் காலூன்றிய இடம்.

மஃபாத் பள்ளத்தாக்குக்கு இன்றும் சாலை கிடையாது. நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டரில். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகளின் தலைவன் ஒருவனின் பெயர்தான் மஃபாத். இன்று ‘அழகான இடம்’ என்று காட்டப்படுவது அன்று ஒளிந்து உயிர்பிழைத்த இடம்.

சுற்றிப் பார்க்கப் போன இடத்திலும் சாதியா என்று நண்பர்கள் கேட்பார்கள். நடப்பதே நமக்கு உரிமைப் பிரச்சினையாக இருந்ததே! வைக்கத்தில் 1924இல் போராடியது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போனது பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க. பாதையில் யாருக்கு இடம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்டில், பாதையின் வரலாற்றைக் கேட்பது உல்லாசத்தைக் கெடுப்பதாகாது.

இந்தக் கேள்வியை முதலில் நம் ஊரில் கேட்போம். வார இறுதியில் குழு குழுவாக வெள்ளை நகரத் தெருக்களில் மஞ்சள் சுவர்களைப் பார்த்து நடக்கிறார்கள். பெரிய வாய்க்காலின் இந்தப் பக்கம் ‘கறுப்பு நகரம்’ என்று அழைக்கப்பட்டது. அதற்கும் வெளியே சேரிகள். மிஷன் வீதியில் சம்பா கோவிலைக் காட்டும்போது 1791இல் எழுந்த கட்டடத்தின் அழகோடு நிறுத்த வேண்டாம். அதற்கு முன்பிருந்த கோவிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், அதை எதிர்த்து அவர்கள் முறையிட்டதையும், 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சுவரும் பாரம்பரியம்தான். சொல்ல வேண்டும்.

ரெயூனியனில் போனவர்கள் எல்லோரையும் ‘மலபார்’ என்று ஒரே பெயரில் அடக்கினார்கள். மொழி போனது, ராமசாமி போன்ற பெயர்கள் குடும்பப் பெயர்களாக மிஞ்சின. சாதியின் பிடி அங்கே பெருமளவு தளர்ந்தது. கப்பலேறாமல் இங்கே நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பிடி இன்னும் தளரவில்லை.

எனவே மாணவத் தோழர்களே, கல்லூரியில் பாரம்பரிய நடை ஏற்பாடு செய்தால் வழியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் தொடங்குங்கள், கூலிகளை ஏற்றிய கரை அது. வாய்க்காலைத் தாண்டுங்கள். சேரியில் முடியுங்கள். அங்குள்ள பெரியவர்களைப் பேசவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். வழிகாட்டிக்குக் கூலி உண்டென்றால், அவர்களுக்கும் கொடுங்கள்.