நான்கு அண்ணன்மார் எதற்கு?

அனுபவத்திற்கு ஈடு இணை இல்லை என்கிறோம். இளங்கன்று பயமறியாது என்றும் நாமே சொல்கிறோம். இவ்விரண்டில் எதை நம்பி ஒரு குழுவை அமைப்பது? விளையாட்டுக் குழு நடத்துவோர் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் கேள்வி இது. வயது முப்பதைக் கடந்த ஆட்டக்காரர்கள் நான்கைந்து பேரை ஒரு குழு ஒரே நேரத்தில் சேர்த்துக்கொண்டால், "இது என்ன முதியோர் இல்லமா?" என்ற கேலி உடனே எழுகிறது. அந்தக் கேலியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் சற்று ஆராய விரும்புகிறேன். மூத்தவர்களைச் சேர்ப்பதாக இருந்தால், ஒருவரைச் சேர்ப்பதைவிடப் பலரை ஒன்றாகச் சேர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால், அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு.

முதலில் நமக்குச் சற்றுத் தொலைவான ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்கக் காற்பந்தில் 'குவாட்டர்பேக்' என்றொரு நிலை உண்டு. தாக்குதல் ஆட்டம் பெரும்பாலும் அவர் கைக்குப் பந்து வருவதிலிருந்துதான் தொடங்கும். எதிரணியின் தற்காப்பு எப்படி நிற்கிறது என்பதைச் சில வினாடிகளில் கணித்து, பந்தை யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று முடிவெடுப்பவர் அவரே. நம் காற்பந்தின் கோல் காவலரைப் போல, வழக்கமாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்பார். அப்படியிருக்க, ஒரு குழு ஏன் அனுபவசாலிகள் இருவர் மூவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்?

2023-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் நடந்த ஆட்டம் இதற்கு விடை சொன்னது. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் குழுவின் முதல் இரண்டு குவாட்டர்பேக்குகளும் அந்தப் பருவத்தின் நடுவிலேயே காயமடைந்திருந்தனர். மூன்றாமவரான பிராக் பர்டி, பிலடெல்பியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கையில் காயமடைந்தார். அவருக்குப் பதிலாக வந்த 36 வயது ஜோஷ் ஜான்சனும் தலையில் அடிபட்டு வெளியேறினார். பந்தைத் தூரமாக எறிய இயலாத கையோடு பர்டியே மீண்டும் இறங்க வேண்டியதாயிற்று. 31–7 என்று தோற்றார்கள். வெற்றி பெற்றிருந்தால் இறுதியாட்டத்திற்குப் போயிருப்பார்கள். அதே 2023-இல் லீக் தன் விதியை மாற்றி, அவசரத்திற்கு மூன்றாவது குவாட்டர்பேக் ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அவ்வாண்டு நவம்பரில் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் குழுவின் முதன்மை ஆட்டக்காரர் காயமடைந்தபோது, எந்தக் குழுவிலும் இல்லாமல் வீட்டில் இருந்த 38 வயது ஜோ பிளாக்கோவை அழைத்தார்கள். அவர் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று கொடுத்து, குழுவை அடுத்த சுற்றுக்குக் கொண்டு சென்றார்.

ஆகவே, காயத்திற்கு எதிரான காப்புறுதி என்பது முதல் காரணம். ஆனால், அது மட்டுமே காரணமாக இருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. இன்னும் ஆழமான காரணத்தைக் காண நாம் அமெரிக்கா போக வேண்டாம். சென்னைக்குப் போனால் போதும்.

சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 ஆகிய ஈராண்டுகள் ஐபிஎல் போட்டியிலிருந்து தடை செய்யப்பட்டிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ், 2018 ஜனவரி இறுதியில் பெங்களூரு ஏலத்திற்கு வந்தது. ஏற்கெனவே 36 வயது தோனியைத் தக்கவைத்திருந்த குழு, அந்த ஏலத்தில் 36 வயது ஷேன் வாட்சன், 37 வயது ஹர்பஜன் சிங், 38 வயது இம்ரான் தாஹிர், 34 வயது டுவைன் பிராவோ, 33 வயது டுப்ளெஸ்ஸி, 32 வயது அம்பத்தி ராயுடு என்று வரிசையாக எடுத்தது. 'அப்பாக்களின் படை' என்று ஊரே சிரித்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததும், காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சொந்த ஊர் ஆட்டங்கள் அனைத்தும் புனே நகருக்கு மாற்றப்பட்டன. ஈராண்டு ஆடாத குழு, புதிய ஊர், புதிய திடல். பக்குவப்படும்வரை காத்திருக்க நேரமில்லாத அந்தச் சூழலில் பக்குவப்பட்டவர்களை வாங்கியதுதான் கைகொடுத்தது. மே 27-ஆம் தேதி மும்பை வான்கடே அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்காத வாட்சன், பதற்றமே இல்லாமல் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். பத்துப் பந்து வீணானால் இருபது வயதில் கை நடுங்கும். முப்பத்தாறு வயதில் பதினோராவது பந்து மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத ஒன்றை இனிக் கவனியுங்கள். அதே இறுதியாட்டத்தில் ஹர்பஜன் சிங் ஆடவில்லை. அவருக்குப் பதில் கரண் சர்மா ஆடினார். எதிரணித் தலைவர் வில்லியம்சன் அவருடைய பந்தில்தான் ஆட்டமிழந்தார். தாஹிர் அந்தப் பருவத்தில் ஆறே ஆட்டங்களில்தான் ஆடினார். முரளி விஜய் ஓர் ஆட்டத்தோடு சரி. இந்தியாவுக்காக நூறு டெஸ்ட் ஆடிய ஒருவரை இறுதியாட்டத்தில் உட்கார வைப்பதென்பது சாதாரணமா? குழுவில் அவர் ஒருவர் மட்டுமே மூத்தவராக இருந்திருந்தால் அது பெரிய அவமதிப்பாகப் பேசப்பட்டிருக்கும். பலர் இருந்ததால் அது ஓர் ஆட்டத்தேவையாக மட்டுமே தெரிந்தது.

என் கருத்தின் மையம் இதுதான். ஒரே ஒரு மூத்தவரைச் சேர்த்தால் அவர் ராஜாவாகிவிடுகிறார். குழு அவரைச் சுற்றியே ஆடும். அவர் களைத்துப்போனாலும் வெளியே எடுக்க ஒருவருக்கும் வாய் வராது. நம் பழக்கத்தில் இது இன்னும் கடினம். "அண்ணே, நீங்க உட்காருங்க" என்று எந்தத் தம்பியால் சொல்ல முடியும்? நான்கு அண்ணன்மார் இருந்தால் கதை வேறு. ஓர் அண்ணனிடம் இன்னோர் அண்ணன் உரிமையோடு சொல்லிவிடுவார். மரியாதை நான்கு பேரிடம் பகிர்ந்து கிடப்பதால், ஒருவருடைய இடம் பறிபோவது யாருடைய மானத்தையும் பாதிப்பதில்லை.

காற்பந்திலும் சென்னைக்கு இத்தகைய அனுபவம் உண்டு. 2014-இல் இந்திய சூப்பர் லீக் தொடங்கியபோது, சென்னையின் எஃப்சி குழு 41 வயது மாட்டராஸியை ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் அமர்த்தியது. 37 வயது சில்வெஸ்டர், 33 வயது எலானோ ஆகியோர் வந்தனர். ஓய்வு பெற்றிருந்த 38 வயது நெஸ்டாவும் பருவத்தின் பிற்பகுதியில் காலணியை மாட்டினார். எலானோ எட்டுக் கோல்கள் போட்டு லீக்கிலேயே முதலிடம் பெற்றார். சென்னை புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தும் அரையிறுதியில் கேரளாவிடம் வீழ்ந்தது. கிண்ணம் கிடைத்தது அடுத்த ஆண்டில்தான். 2015 டிசம்பர் 20-இல் கோவாவை 3–2 என்று வென்ற இறுதியாட்டத்தில் கடைசி நிமிடக் கோலைப் போட்டவர் 23 வயது மெண்டோஸா. அவ்வாண்டு 13 கோல்களோடு லீக்கின் முதல்வரும் அவரே. முந்தைய ஆண்டு அந்தப் பெரியவர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். அண்ணன்மார் பாலமாக இருக்க வேண்டும். பாலத்தின் மேலேயே வீடு கட்டிக் குடியிருக்கக் கூடாது. சென்னை சூப்பர் கிங்ஸின் பிந்தைய கதையே இதற்குச் சாட்சி. 2019-இல் அதே மூத்தவர்களோடு இறுதியாட்டம்வரை சென்று ஒரே ஓட்டத்தில் தோற்றார்கள். 40 வயதைத் தொட்ட தாஹிர் அவ்வாண்டு 26 விக்கெட்டுகளோடு முதலிடம் பெற்றார். ஆனால், அவ்வாண்டு குழுவில் இருந்த ருதுராஜ் கெய்க்வாட் என்ற இளைஞர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020-இல் வயது தன் வேலையைக் காட்டியது. எட்டுக் குழுக்களில் ஏழாமிடம். வாய்ப்பு ஏறக்குறைய முடிந்துவிட்ட நிலையில், கடைசி மூன்று ஆட்டங்களில் கெய்க்வாட் மூன்று அரைசதங்கள் அடித்தார். 2021-இல் அந்த 24 வயது இளைஞரும் டுப்ளெஸ்ஸியும் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள். தம்பி 635 ஓட்டங்கள்; பருவத்தின் நடுவில் 37-ஐ எட்டிய அண்ணன் 633. கிண்ணம் மீண்டும் சென்னைக்கு வந்தது. இரண்டே ஓட்ட வித்தியாசத்தில் நின்ற அந்த இரு எண்களைவிடச் சிறந்த வாதம் என்னிடம் இல்லை.

பாடம் அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2025 பருவத்தை 43 வயது தோனி, 38 வயது அஸ்வின், 36 வயது ஜடேஜா ஆகியோரோடு எதிர்கொண்ட அதே குழு, பத்துக் குழுக்களில் கடைசியாக வந்தது. பருவத்தின் நடுவில் 17 வயது ஆயுஷ் மாத்ரேயை அழைத்த பிறகுதான் ஆட்டத்தில் உயிர் தெரிந்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் இந்தியாவுக்கு இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரு இளைஞர்களுக்குத் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தார்கள். 2018-இல் வாட்சனுக்குக் கொடுத்தது நான்கு கோடி. உரிய காலத்தில் திறக்காத கதவைப் பின்னர் அதிக விலை கொடுத்து உடைக்க வேண்டியிருக்கிறது.

ஐபிஎல் கோடிகளுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் சுபாங் ஜெயாவில் குடியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் வட்டாரக் காற்பந்துக் குழுவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதுவதும் தண்ணீர்ப் போத்தல் சுமப்பதும் என் வேலை. பல ஆண்டுகளாக எங்கள் நடுத்திடலில் ஓர் அண்ணன் இருந்தார். நல்ல ஆட்டக்காரர், ஆனால் அவருக்கு அடுத்து யார் என்ற பேச்சையே எங்களால் எடுக்க முடிந்ததில்லை. சென்ற ஆண்டு கிள்ளானிலிருந்தும் பூச்சோங்கிலிருந்தும் மேலும் மூன்று மூத்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். இளைஞர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். "அண்ணே, நாங்க வார்ம்-அப் பண்ண மட்டும்தான் வர்றோமா?" என்று பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் என்னிடம் நேராகவே கேட்டான்.

அவன் கேள்வி நியாயமானது. பள்ளி முடிந்ததும் காற்பந்தை விட்டுவிடும் நம் பையன்கள் எத்தனை பேர் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஆறு மாதம் பெஞ்சில் உட்கார்ந்தவன் ஏழாவது மாதம் வருவதில்லை. பகுதி நேர வேலைக்குப் போய்விடுவான்; அல்லது வேறு கூட்டம் அவனை அழைத்துக்கொள்ளும். கிண்ணத்தை இழப்பதைவிட அவனை இழப்பது பெரிய இழப்பு. அதனால் இரண்டாம் பாதியில் குறைந்தது மூன்று இளைஞர்கள் களத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வகுத்தோம். அந்த விதியைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? புதிதாக வந்த மூத்தவர்களே. "டேய், நீ போதும், வா! தம்பி ஆடட்டும்" என்று பழைய அண்ணனைக் கைகாட்டி அழைத்தது அவர் வயதையொத்த ஒருவர். என்னால் ஐந்தாண்டுகளாகச் சொல்ல முடியாததை அவர் ஐந்து வினாடியில் சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் எஸ்எஸ் 15 பக்கத்து மாமாக் கடையில், தே தாரிக் குவளைகளை ஆட்டக்காரர்களாக நகர்த்தி, எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தவரும் அந்தப் பழைய அண்ணன்தான்.

நம் பல்கலைக்கழகக் கழகங்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். கலை இரவோ நாடகமோ வந்தால் பட்டம் பெற்றுச் சென்ற மூத்தவர்களை அழைக்கிறோம். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் சொன்னதே சட்டம். முதலாமாண்டு மாணவர் நாற்காலி அடுக்குவதோடு சரி. நால்வரை அழையுங்கள். அவர்களுக்குள் கருத்து வேறுபாடு வரட்டும். இளையவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கென ஒரு முடிவுக்கு வரப் பழகட்டும். ஆனால், அழைக்கும்போதே அடுத்த ஆண்டு எந்தப் பொறுப்பு யார் கைக்கு மாறும் என்பதை எழுதி வைத்துவிட வேண்டும்.

பட்டதாரி நண்பர்களே, குழுவோ கழகமோ உங்களை அழைத்தால் தயங்காமல் வாருங்கள். வரும்போது உங்கள் வயதையொத்த இன்னும் மூவரையும் அழைத்து வாருங்கள். எந்த நாளில் இடத்தை விட்டுக்கொடுப்பீர்கள் என்பதை முதல் நாளே தம்பி தங்கையரிடம் சொல்லிவிடுங்கள்.